பற்றாக்குறை அழைத்து வந்த செவிலியர்கள்

அமெரிக்காவில் கலிபோர்னியாவும் டெக்சாசும் எல்.வி.என். என்று அழைக்கும் செவிலியர்களுக்கு மற்ற மாநிலங்களில் எல்.பி.என். என்று பெயர். ஏறக்குறைய ஓராண்டு படித்து, தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள் இவர்கள். இந்தத் தொழில் பிறந்தது மருத்துவமனையில் அல்ல, வீடுகளில்.

1890-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. அமைப்பு பெண்களுக்கு மூன்று மாதப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. பல்லார்டு பள்ளி என்று பெயர் பெற்ற அந்த இடத்தில் கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் நாள்பட்ட நோயாளிகளையும் வீட்டிலேயே கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சமையலும் பாடத்தில் இருந்தது. 1907-இல் வெர்மான்ட் மாநிலத்தின் பிராட்டில்போரோவிலும் இப்படியொரு பள்ளி வந்தது. இவர்களுக்கு உரிமம் வழங்க முதலில் சட்டம் இயற்றியது மிசிசிபி, 1914-இல். மற்ற மாநிலங்கள் அவசரப்படவில்லை.

இரண்டாம் உலகப்போர்தான் அவசரத்தை உண்டாக்கியது. தரைப்படையின் செவிலியர் பிரிவில் மட்டும் 59,000-க்கும் மேற்பட்டோர் பணியாற்றினார்கள். ஊரில் வார்டுகளைப் பார்க்க ஆளில்லை. போர் முடிந்தும் நிலைமை மாறவில்லை. 1946-இன் ஹில்-பர்டன் சட்டம் மருத்துவமனைகள் கட்டப் பணம் தந்ததில் கட்டில்கள் பெருகின, செவிலியர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. வீடுகளில் வேலை பார்த்தவர்களை மருத்துவமனைகள் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டன. 1951-இல் கலிபோர்னியாவும் டெக்சாசும் உரிமச் சட்டம் இயற்றின. 1955-க்குள் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது.

காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சிறுநீர்க் குழாய் பொருத்துவது, நோயாளியின் உடல்நிலையில் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்வது: இவை இவர்கள் பொறுப்பு. சிகிச்சைத் திட்டம் வகுப்பது ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற செவிலியர் வேலை. கலிபோர்னியாவில் தனிச் சான்று பெற்ற எல்.வி.என். டிரிப்ஸ் ஏற்றலாம், ஆனால் பொதுவாக ரத்தநாளம் வழியே மருந்து செலுத்தக் கூடாது. கையளவு தூரத்தில் ஓடும் இந்த எல்லைக்கோட்டை ஒவ்வொரு ஷிப்டிலும் நினைவில் வைத்தே வேலை செய்ய வேண்டும். அந்த மாநிலத்தில் இவர்களுக்கான படிப்பு 1,530 மணி நேரம். அதில் 954 மணி நேரம் நேரடிப் பயிற்சி.

1965-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம், செவிலியர் படிப்பு கல்லூரிகளுக்குள் வர வேண்டும் என்று அறிவித்தது. பின்னர் பல மருத்துவமனைகள் ஆர்.என்.களையே விரும்பின, தட்டுப்பாட்டில் கைகொடுத்தவர்கள் மெல்ல ஒதுக்கப்பட்டார்கள். இது நியாயமல்ல. அவர்களில் பலருக்கு முதியோர் பராமரிப்பு இல்லங்கள் இடம் தந்தன. அவற்றுக்காக 1987-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் உரிமம் பெற்ற செவிலியர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்றது, ஆர்.என். இருக்க வேண்டிய நேரம் நாளுக்கு 8 மணி. மீதி 16 மணி நேரத்தை, இரவு உட்பட, அந்தச் சட்டப்படி எல்.வி.என். ஒருவரே பொறுப்பேற்று நடத்தலாம்.