வேலைப் பயிற்சி முடிந்து பல்கலைக்கழகம் திரும்பும் மாணவர்கள் கவனிக்கவேண்டியவை

பல மாதங்கள் அலுவலக அட்டையை மாட்டிக்கொண்டு எம்ஆர்டியில் சென்று வந்த மாணவர் மீண்டும் விரிவுரை மண்டபத்தில் அமர்கிறார். குழுப் பணி, இறுதியாண்டுத் திட்டப்பணி, தேர்வு என நாள்கள் ஓடுகின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும் நேரம் வரும்போது, அத்தனை மாத உழைப்பும் சுயவிவரக் குறிப்பில் ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது. நேர்முகத் தேர்வில் “அங்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் தெளிவான பதில் வருவதில்லை.

சிங்கப்பூரில் வேலைப் பயிற்சி பட்டக் கல்வியின் ஒரு பகுதியாகிவிட்டது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற அது கட்டாயம். 2014ஆம் ஆண்டில் தன்னாட்சிப் பல்கலைக்கழகமான சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் ஒருங்கிணைந்த வேலை-கல்வித் திட்டம் பல பாடப்பிரிவுகளில் 8 முதல் 12 மாதங்கள் வரை நீடிக்கக்கூடியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் வெளிநாடுகளில் உள்ள புத்தொழில் நிறுவனங்களில் ஓராண்டு வரை பணியாற்றும் வாய்ப்பை மாணவர்களுக்கு வழங்குகிறது. இவ்வளவு காலத்தைச் செலவிட்டவர்கள், திரும்பிய பிறகும் சிறிது நேரம் ஒதுக்கினால்தான் முழுப் பயன் கிட்டும்.

நினைவு மங்குமுன் எழுதுங்கள்

திரும்பிய முதல் இரண்டு வாரங்களுக்குள் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிவைப்பது நல்லது. பிரச்சினை என்ன? தமக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு என்ன? தாம் செய்தது என்ன? அதனால் எது மாறியது?

எடுத்துக்காட்டாக, லிட்டில் இந்தியாவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் தளவாடத்துறை மாணவர் பயிற்சி பெற்றதாக வைத்துக்கொள்வோம். “சரக்குப் பதிவில் உதவினேன்” என்பது எதையும் சொல்லாது. “தீபாவளிக்கு முந்திய 6 வாரங்களில், கையால் எழுதிய கையிருப்புக் கணக்கைக் கணினி அட்டவணைக்கு மாற்றினேன். எந்தப் பொருள் தீரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்தது” என்றால் முதலாளிக்கு அவரது திறன் புரியும்.

‘நாங்கள்’ போதாது

செய்ததைத் தானே சொல்லிக்கொள்வது தற்பெருமை என்று சொல்லி வளர்க்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். அதனால் மாணவர்கள் பலர் எல்லாவற்றையும் “நாங்கள் செய்தோம்” என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் குழுவின் பங்கையும் தமது பங்கையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். குழு செய்ததை முழுவதும் தம்முடையதாகக் காட்டுவதும் தவறு. அடுத்த கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

வெளியே சொல்லக்கூடாதவை

நிறுவனத்தின் கோப்புகளை மாதிரிக்காகச் சொந்தக் கணினியில் வைத்திருக்கக்கூடாது. வாடிக்கையாளர் பெயர், கைப்பேசி எண், மருத்துவ விவரம் போன்றவற்றை நிறுவனங்கள் கையாளும் விதத்தை 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அரசாங்க அமைப்புகளில் பயிற்சி பெற்றோர் அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தையும் மறக்கக்கூடாது. பயிற்சி முடிந்துவிட்டால் ரகசியம் காக்கும் பொறுப்பும் முடிந்துவிடுவதில்லை. எதைக் காட்டலாம் என்று மேற்பார்வையாளரிடம் எழுத்துவழி கேட்டுவிடுவது பாதுகாப்பு.

தொடர்பை விடவேண்டாம்

மேற்பார்வையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டால் அவரது அலுவலக மின்னஞ்சல் பயன்படாது. எனவே லிங்க்ட்இன் போன்ற தளத்தில் இணைந்திருப்பது உதவும். திரும்பியவுடன் ஒரு நன்றிக் கடிதமும், சில மாதங்கள் கழித்து இரண்டு வரி நலன் விசாரிப்பும் போதும். அங்கு கற்றது எந்தப் பாடத்தில் கைகொடுத்தது என்று குறிப்பிட்டால் அவர்களும் மகிழ்வார்கள். விண்ணப்பத்தில் பரிந்துரைப்பவராக ஒருவரின் பெயரைத் தருமுன் அவரது அனுமதியைப் பெறவேண்டும்.

பாடத்தோடு இணைத்தல்

வேலையிடத்தில் எங்கே தடுமாறினோம் என்பதைப் பார்த்து விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். தரவைக் கையாளத் தெரியாமல் திணறியவர் அதற்கான பாடத்தை எடுக்கலாம். கூட்டத்தில் பேசத் தயங்கியவர் வகுப்புப் படைப்புகளில் முதல் ஆளாகப் பேச முன்வரலாம். பயிற்சியில் கண்ட ஒரு சிக்கலை, நிறுவனத்தின் அனுமதியோடு, இறுதியாண்டுத் திட்டப்பணியாக்கவும் முடியும்.

பயிற்சி சரியாக அமையாவிட்டால்

சிலருக்கு நகலெடுப்பதும் கோப்பு அடுக்குவதுமே வேலையாக இருந்திருக்கும். சிலருக்கு அந்தத் துறையே பிடிக்காமல் போயிருக்கும். முதல் முழுநேர வேலைக்குச் செல்லுமுன் அது தெரிந்ததும் ஒரு பயன்தான். நேர்முகத் தேர்வில் பழைய நிறுவனத்தைக் குறைகூறாமல், எத்தகைய வேலை தமக்குப் பொருந்தும் என்று அங்கே அறிந்ததைச் சொல்லலாம். மோசமாக நடத்தப்பட்டிருந்தால் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவிக்கவேண்டும். அவர் மௌனமாக இருந்துவிட்டால் அடுத்த ஆண்டு இன்னொரு மாணவர் அதே இடத்துக்கு அனுப்பப்படலாம்.

அடுத்தவருக்கும் வழி

வழக்கறிஞர் அலுவலகமோ வங்கியோ எப்படி இயங்கும் என்று சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லாத மாணவர்கள் பலர் உள்ளனர். அவர்களுக்கு ஓராண்டு மூத்த அண்ணனோ அக்காவோ அரைமணி நேரம் பேசினாலே பெரிய உதவி. விண்ணப்பம் எப்போது திறக்கும், நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள், முதல் நாள் என்ன அணிவது என்பவையே அவர்களின் கேள்விகள். பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களும், 1991ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு பீட்டி சாலையில் இயங்கும் சிண்டாவும் இத்தகைய சந்திப்புகளுக்கு ஏற்ற இடங்கள். பிறருக்கு விளக்கிச் சொல்லும்போது, தாம் கற்றது என்ன என்பது சொல்பவருக்கும் தெளிவாகும்.