இசைத்தட்டின் பின்னே நின்றவர்

இசைத்தட்டொன்றைச் சுழலவிட்டுக் கேட்பவர் பாடியவரின் பெயரை அறிவர். பாட்டை இயற்றியவர் யார், வாத்தியம் இசைத்தவர் யார் என்பதையும் ஓரளவு அறிவர். ஆனால் அப்பாடகரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்து, அவருடைய அச்சத்தைப் போக்கி, கருவியின் முன்னே எங்கு நிற்கவேண்டும் என்று காட்டி, பிழை நேர்ந்தவிடத்து மீண்டும் ஒருமுறை பாடுமாறு இரந்து நின்ற மனிதரின் பெயரைத் தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாளில் அந்நாளில் எவரும் அச்சிட்டாரல்லர். அத்தகையோருள் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் பிரெட் கெய்ஸ்பேர்க். 1873ஆம் ஆண்டு அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் ஜேர்மனியக் குடியேறிகளின் வழித்தோன்றலாகப் பிறந்த இவர், ஐம்பது ஆண்டுக்காலம் பிறருடைய குரல்களைச் சேகரித்தார். 1939இல் ஓய்வு பெற்றபின் தமது நினைவுகளை எழுதினார். அந்நூல் 1942இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. ஒரு தொழிலின் கணக்கை எதிர்பார்த்து அதனைத் திறப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நண்பர்களைப் பற்றிய செய்தியே.

கெய்ஸ்பேர்க் பியானோ வாசிக்கப் பழகியவர். பள்ளிப் பருவத்திலேயே ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துக் கைச்செலவுக்குப் பொருளீட்டினார். அக்காலத்து உருளைகளைப் படியெடுக்கும் முறை இன்னும் செம்மைப்படவில்லை. ஆதலின் ஒரே பாட்டைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடவேண்டும். பியானோக்காரரும் திரும்பத் திரும்ப வாசிக்கவேண்டும். இந்தச் சலிப்பான வேலையின் நடுவே, 1890களின் முற்பகுதியில் ஒருநாள், பில்லி கோல்டன் என்னும் நகைச்சுவைப் பாடகர் அவரை எமில் பேர்ளினர் என்ற கண்டுபிடிப்பாளரிடம் அழைத்துச் சென்றார்.

அச்சந்திப்பைக் கெய்ஸ்பேர்க் வெகு சுவையாக நினைவுகூர்கிறார். துறவியின் அங்கி போன்ற நீண்ட மேலாடை அணிந்து பேர்ளினர் அறையில் உலாவிக்கொண்டிருந்தார். கோல்டனின் வாயை ஒரு மூடியினால் மூடி, அதிலிருந்து ஒரு றப்பர்க் குழாயை ஒலியை வாங்கும் மென்றகட்டோடு இணைத்தார். பியானோவின் ஒலிப்பலகையையும் பெட்டியிட்டு அடைத்து, அதிலிருந்தும் ஒரு குழாயை இழுத்தார். பாடியும் வாசித்தும் முடிந்தபின், மெல்லிய மெழுகு பூசிய நாகத் தகட்டை அமிலத்தில் இட்டெடுத்து அதனைச் சுழலவிட்டபோது, உருளையில் ஒருபோதும் கேளாத உரத்த ஓசை எழுந்தது. அன்றே அந்த இளைஞர் பேர்ளினரின் அடியவரானார் என்று சொன்னால் மிகையாகாது. தட்டையான இசைத்தட்டு உலகை ஆளப்போகின்றது என்பதை அப்போது நம்பியவர் மிகச் சிலர்.

1898இல் கிராமபோன் கம்பனி இலண்டனில் தொடங்கப்பட்டபோது, பதிவுக் கருவிகளோடு கெய்ஸ்பேர்க் அங்கு அனுப்பப்பட்டார். மெய்டன் லேன் என்னும் ஒடுங்கிய தெருவில், பழைய ஹொட்டேல் ஒன்றில் பதிவுக்கூடம் அமைந்தது. அக்கூடத்தின் தொடக்க நாட்களிலேயே பாடியவர் சிரியா லமொன்ட் என்னும் பெண்மணி. அயலிலிருந்த உணவுச்சாலையிற் பணிபுரிந்தவர் அவர். புகழ்பெற்ற பாடகர்கள் அக்கருவியை விளையாட்டுப் பொருள் என்று எள்ளி ஒதுங்கினர். அவர்களுடைய வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டவர் லாண்டன் றொனால்ட் என்ற இளம் இசைஞர். ஒபரா அரங்குகளில் அவருக்கு இருந்த பழக்கம் கெய்ஸ்பேர்க்குக்கு இல்லை. கெய்ஸ்பேர்க்குக்கு இருந்த பொறிநுட்பம் அவருக்கு இல்லை. இருவரும் சேர்ந்தபோதே வேலை நடந்தது.

ஒலிவாங்கி இல்லாத அந்நாளில் பாடகர் ஓர் உலோகக் கூம்பின் வாயை நோக்கிப் பாடவேண்டும். தணிந்த சுரத்துக்குக் கூம்பின் அருகே வரவேண்டும். உச்சத்தில் ஏறும்போது பின்வாங்கவேண்டும். அன்றேல் ஊசி துள்ளும், மெழுகு பாழாகும். பாடுகின்ற வேகத்தில் இதனை யார் நினைவில் வைப்பார்? எனவே பக்கத்தில் நிற்பவர் பாடகரின் தோளையோ கையையோ பற்றி முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் நெறிப்படுத்துவது வழக்கம். உலகம் போற்றும் ஒரு பாடகியைத் தொட்டு இழுப்பதற்குத் துணிவு வேண்டும். இழுத்தபின்னும் அவருடைய அன்பை இழவாதிருப்பதற்கு வேறொரு திறமை வேண்டும்.

அத்திறமைக்கு வந்த கடுஞ்சோதனை அடலீனா பட்டி அம்மையார். 1905ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு வயது 62. அவர் இலண்டனுக்கு வர மறுக்கவே, கெய்ஸ்பேர்க்கும் அவருடைய தம்பி வில்லும் கருவிகளைச் சுமந்துகொண்டு வேல்ஸ் நாட்டு மலைப்பகுதியிலுள்ள அவருடைய மாளிகைக்குச் சென்றனர். இரண்டு படுக்கையறைகள் ஒழித்துக் கொடுக்கப்பட்டன. இடையிலே திரை கட்டி, கூம்பின் வாய் மட்டும் வெளியே தெரியுமாறு வைத்தனர். திரைக்கு அப்பால் நடப்பது பாடகிக்குத் தெரியலாகாது. பின்னர் காத்திருந்தனர். அம்மையாருக்கு மனம் வந்தபோதுதான் பாட்டு. லாண்டன் றொனால்ட் பியானோவில் அமர்ந்தார். உச்ச சுரங்களிற் பின்னே இழுக்கப்பட்டதை அவர் முதலில் விரும்பவில்லை. ஆனால் பதிந்த தட்டிலிருந்து தமது குரல் எழக் கேட்டதும், அக்கூம்புக்கு முத்தங்களை வாரி வழங்கி, தாம் ஏன் பட்டி என்று போற்றப்படுகிறார் என்பது இப்போதுதான் தமக்கு விளங்குகிறது என்று வியந்தாராம். இதனைப் பதிவு செய்தவர் றொனால்ட். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேளாமல் முதுமை எய்திய ஒரு கலைஞரின் வியப்பு அது. தற்பெருமை என்று நகைப்பவர் அக்காலத்தை அறியாதவர்.

கெய்ஸ்பேர்க்கின் நினைவுகளில் எல்லாவற்றினும் புகழ் வாய்ந்தது 1902இல் மிலான் நகரில் நடந்தது. ஸ்காலா அரங்கில் ‘ஜெர்மானியா’ என்ற புதிய ஒபராவிற் பாடிய கருசோவின் குரல் அவரை ஈர்த்தது. பாடகரும் ஒலிப்பதிவாளரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள். பத்துப் பாட்டுகளுக்கு 100 பவுண் என்று பேச்சு முடிந்தது. கட்டணம் மிகையென்றும் பதிவு செய்யலாகாதென்றும் இலண்டனிலிருந்து தந்தி வந்ததாகவும், அதனைப் பொருட்படுத்தாது தாம் பதிவை நடத்தியதாகவும் கெய்ஸ்பேர்க் சொல்கிறார். நடந்த இடம் மிலான் கிராண்ட் ஹொட்டேல். முந்திய ஆண்டு ஜனவரியில் இசைமேதை வேர்டி உயிர்நீத்த அதே விடுதி. ஒரு பிற்பகலில், நன்றாக உடுத்திய அந்த இளைஞர் வந்தார், பத்தும் பாடினார், பணத்தோடு உணவுக்குச் சென்றார்.

கதை அழகானது. ஆயினும் பிற்கால ஆய்வாளர்கள் அந்தத் தந்தியை ஐயுறுகின்றனர். கெய்ஸ்பேர்க் தமது நூலிற் குறிக்கும் மார்ச் மாதத் தேதியையும் அவர்கள் ஏற்பதில்லை. பதிவு ஏப்ரலில் நடந்தது என்பதே அவர்கள் முடிபு. நாற்பது ஆண்டு கழித்து எழுதிய கிழவர் சிறிது மெருகேற்றினார் என்றே கொள்ளவேண்டும். நண்பர்களிடத்து ஒரு கதையைப் பலமுறை சொல்பவர் எவருக்கும் இது நேரும். விந்தை யாதெனில், மறவாமைக்கென்றே வாழ்நாளைச் செலவிட்டவரின் சொந்த நினைவு பிறழ்ந்தது. அவர் மெழுகில் வாங்கிய குரலோ ஒரு மூச்சும் மாறாமல் நிற்கிறது.

அவ்வாண்டின் இறுதியில் அவர் கீழைத்தேயம் புறப்பட்டார். இந்தியாவில் அப்பயணத்தின் பதிவுகள் நடந்தது கல்கத்தாவில். நவம்பர் 8ஆம் தேதி தொடங்கிய வேலையில், 11ஆம் தேதி கௌஹர் ஜான் வந்தார். பரிவாரமும் அணிகலன்களுமாக அவர் வந்த தோற்றத்தை நூல் விரிவாகக் கூறுகிறது; ஒருமுறை அணிந்த நகையை மறுமுறை அணியமாட்டார் என்கிறது. மெழுகுத் தட்டுகள் ஜேர்மனியிலுள்ள ஹனோவர் தொழிற்சாலைக்குச் சென்றே அச்சாகவேண்டும். அங்குள்ளோர் பாடியவரை அடையாளங் காணும்பொருட்டு, பாட்டின் முடிவில் அவர் தமது பெயரை ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னார். விரிந்து செல்லும் ஓர் இராகத்தை மூன்று நிமிடத்துள் சுருக்கிப் பாடி, பெயர் சொல்லவும் விநாடி மிச்சம் வைத்த அவருடைய சாமர்த்தியத்தைப் பாராட்டாமலிருக்க முடியாது.

கெய்ஸ்பேர்க்குக்கு இவ்விசை விளங்கிற்றா? விளங்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஐரோப்பிய அரங்குகளில் தாம் கேட்டதையெல்லாம் மனத்திலிருந்து துடைத்தாலன்றி இங்கே எதனையும் கேட்க இயலாதென்றும், தம்முடைய இசைப்பயிற்சியின் அடித்தளமே ஆட்டங்கண்டதென்றும் எழுதுகிறார். அந்நகரில் வாழ்ந்த ஆங்கிலேயரோ நாட்டு மக்களின் இசையைப் பற்றி ஏதுமறியாது வேறொரு கிரகத்தில் வாழ்ந்தவர் போன்றிருந்தனர் என்றும் குறை கூறுகிறார். அறியாமையை மறைக்காத இப்பண்பு பாராட்டத்தக்கதே. எனினும் எவரைப் பதிவது, எவரை விடுவது என்ற முடிவுகள் இந்த அறியாமையின் நடுவே எடுக்கப்பட்டன என்பதையும் மறத்தலாகாது. அன்று கூம்பின் முன் அழைக்கப்படாத எத்தனையோ குரல்கள் இன்று எவருக்கும் எட்டா.

1925இல் மின்னொலிப்பதிவு வந்தபின் கூம்பு மறைந்தது. தோளைப் பற்றி இழுப்பதும் ஒழிந்தது. கலைஞரின் அருகே நிற்பவரின் வேலை மட்டும் குறையவில்லை. ஆங்கில இசையமைப்பாளர் எட்வேர்ட் எல்கரோடு கெய்ஸ்பேர்க் கொண்ட நட்பு இக்காலத்தில் முதிர்ந்தது. எல்கரின் வயலின் கொன்செர்ட்டோவை 1910இல் முதன்முதல் வாசித்த கிறைஸ்லர் அதனைக் கடைசிவரை தட்டிற் பதியவில்லை. கெய்ஸ்பேர்க் 16 வயதுச் சிறுவனான யெஹூதி மெனுஹினை நாடினார். 1932 ஜூலையில் அபி றோட் பதிவுக்கூடத்தில் 75 வயது முதியவர் இசைக்குழுவை நடத்த, சிறுவன் வாசித்தான். பேரனும் பாட்டனும் போன்ற அவ்விருவரின் கூட்டுறவால் விளைந்த தட்டுகள் இன்றும் மறுபதிப்புக் காண்கின்றன.

எல்கர் புற்றுநோயாற் படுக்கையில் வீழ்ந்தார். இனி இலண்டனுக்கு வரமுடியாது என்ற நிலையில், 1934 ஜனவரி 22ஆம் தேதி, அபி றோட்டிலிருந்து வூஸ்டர் நகரிலுள்ள அவருடைய படுக்கையறை வரை தொலைபேசிக் கம்பி வழியாகத் தொடர்பு ஏற்படுத்தினர். கூடத்தில் லோறன்ஸ் கொலிங்வுட் இசைக்குழுவை நடத்தினார். நோயாளியின் அருகே ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் வைக்கப்பட்டன. தாம் இயற்றிய ‘கறக்டகஸ்’ என்னும் படைப்பின் பகுதிகளை எல்கர் படுத்தவாறே கேட்டார். வேகத்தையும் நடையையும் குறித்துத் தம் கருத்தைக் கூடத்துக்குச் சொல்லியனுப்பினார். மருந்தின் மயக்கத்துக்கும் தெளிவுக்கும் இடையே ஊசலாடிய மனிதர், தம் இசை கேட்டதும் விழித்துப் பிழை திருத்தினார். ஒரு மாதம் கழித்து, பெப்ரவரி 23ஆம் தேதி இறந்தார். அன்று பதிந்த தட்டுகளின் வருவாயை எண்ணி எந்தக் கம்பனியும் அவ்வளவு கம்பி இழுத்திராது.

நான்காண்டு சென்றபின், 1938 ஜனவரி 16ஆம் தேதி, வியன்னா நகரில் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியைப் புரூனோ வால்டர் நடத்த, கெய்ஸ்பேர்க் அக்கச்சேரியைப் பதிவு செய்தார். முதல் வயலினுக்குத் தலைவராக அமர்ந்திருந்தவர் மாலரின் மைத்துனர் ஆர்னோல்ட் றோசே. 1881 முதல் அவ்விசைக்குழுவில் இருந்தவர். எட்டு வாரங்கள் கழியுமுன் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் புகுந்தன. யூதராகிய வால்டர் நாடிழந்தார். றோசே இலண்டனில் அகதியானார். அத்தட்டுகளில் அவையோரின் இருமல் ஒலியுங் கேட்கும். அவர்களுள் எத்தனைபேர் அடுத்த குளிர்காலத்தில் அந்நகரில் இருந்தனர் என்று தட்டு சொல்லாது.

கெய்ஸ்பேர்க் 1951இல் இலண்டனில் காலமானார். தமக்கென்று ஒரு பாட்டையும் அவர் விட்டுச் செல்லவில்லை. எனினும் வாஷிங்டனில் 1890களில் பேர்ளினருக்காகப் பதிந்த சிறிய தட்டுகள் சில எஞ்சியுள்ளன. கீறலும் இரைச்சலும் மிகுந்த அவற்றிற் பாடகரின் குரலுக்குப் பின்னே, தூரத்தில் ஒலிப்பது போன்று, ஒரு பியானோ தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருக்கும். அது அவருடைய கை.