அபாய ஒலிக்கும் ஆணைக்கும் இடையில்: கப்பல் அதிகாரிகளின் சிமுலேட்டர் பயிற்சி குறித்து

2012 ஜனவரி 13 அன்று இரவு 9.45 மணிக்கு இத்தாலியின் ஜில்யோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதியது. கப்பலில் 4,229 பேர் இருந்தனர். இயந்திரப் பகுதியில் வெள்ளம் புகுந்த செய்தி சில நிமிடங்களிலேயே கப்பலைச் செலுத்தும் தளமான பிரிட்ஜுக்கு வந்துவிட்டது. அடுத்தடுத்த இரண்டு அறைகளில் நீர் நிறைந்தாலும் மிதக்கும்படி கட்டப்பட்ட கப்பல் அது. அன்று அதைவிட அதிகமான அறைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஆனால் பயணிகளிடம் மின்கோளாறு என்றே சொல்லப்பட்டது. பொது அபாய ஒலி 10.33க்குத்தான் எழுந்தது, கப்பலைக் கைவிடும் ஆணை 10.54க்கு வந்தது. 32 பேர் இறந்தார்கள். கேப்டனின் குற்றத்தை நீதிமன்றம் தீர்மானித்துவிட்டது. அந்த ஒரு மணி நேரத் தாமதத்தைத் தனிமனிதரின் குணக்கேடாக மட்டும் பார்த்தால், பயிற்சி தொடர்பான கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போய்விடும். தகவல் கையில் இருந்தும் அது ஏன் முடிவாக மாறவில்லை? சிமுலேட்டர் பயிற்சியின் மதிப்பை இந்தக் கேள்வியைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். திரையில் அலை எவ்வளவு தத்ரூபமாகப் புரள்கிறது என்பது இரண்டாம் பட்சம். அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு பிரிட்ஜும் இயந்திர அறையும் சேர்ந்து முடிவெடுக்கப் பழகுகின்றனவா என்பதே முதன்மையானது.

எஸ்.டி.சி.டபிள்யூ எனப்படும் 1978ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைதான் மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் அடிப்படை. 1995 திருத்தம் ரேடார் பயிற்சிக்கு சிமுலேட்டரைக் கட்டாயமாக்கியது. 2012இல் நடைமுறைக்கு வந்த மணிலா திருத்தம், குழுவாகப் பணியாற்றும் திறனைத் தகுதிப் பட்டியலில் சேர்த்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்தத் திறன் பிரிட்ஜ் அதிகாரிகளுக்குத் தனியாகவும் எஞ்சின் அதிகாரிகளுக்குத் தனியாகவும் வகுக்கப்பட்டிருக்கிறது. கப்பலில் ஒரே நெருக்கடியைச் சந்திக்கப்போகும் இரு தரப்பும் கரையில் பெரும்பாலும் வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு நாட்களில் பயில்கின்றன. சான்றிதழைப் புதுப்பிக்கும் முறை இதைவிடத் தளர்வானது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தீயணைப்பிலும் உயிர்காப்புப் படகிலும் திறனை நிரூபிக்க வேண்டும். மற்றபடி அந்த ஐந்தாண்டில் 12 மாதக் கடற்பணி இருந்தாலே பொதுவாகப் போதும். விமான ஓட்டிகள் ஆண்டுதோறும் சிமுலேட்டரில் ஏறி எஞ்சின் செயலிழப்பைக் கையாண்டு காட்டுகிறார்கள். எந்த அசம்பாவிதமும் இல்லாமல் கழிந்த 12 மாதங்கள், நடுக்கடலில் மின்சாரம் முற்றாக நின்றால் ஓர் அதிகாரி என்ன செய்வார் என்பதற்குச் சான்றாக முடியாது.

2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விக்கா கடற்பரப்பில் புயலுக்கு நடுவே வைகிங் ஸ்கை கப்பலுக்கு அந்த முழு மின்னிழப்புதான் நேர்ந்தது. மசகு எண்ணெய்த் தொட்டிகளில் அளவு குறைவாக இருந்தது. கப்பல் உருண்டபோது எண்ணெய் அழுத்தம் விழுந்து, ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஏறத்தாழ 1,370 பேருடன் கப்பல் கரைப்பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. முதல் பத்து விநாடிகளில் மட்டும் கட்டுப்பாட்டு அறையில் ஏறக்குறைய 1,000 எச்சரிக்கைகள் பதிவாயின. அவற்றை யாராலும் படிக்க முடியாது. அடக்குபொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிற விரலுக்குச் சத்தத்தை நிறுத்த முடிகிறதே தவிர, எந்த எச்சரிக்கை காரணம், எது அதன் விளைவு என்று பிரித்தறிய முடிவதில்லை. கப்பல் மெல்லவேனும் முன்நகரப் போதுமான உந்துவிசை கிடைக்க 39 நிமிடங்கள் பிடித்தன. அதற்குள் ஒரு கப்பல் நீளத் தொலைவுக்குப் பாறைகள் நெருங்கிவிட்டன. முழு மின்னிழப்பிலிருந்து மீளும் வேலையை அந்தப் பொறியாளர்கள் அதற்குமுன் செயலில் பழகியிருக்கவில்லை என்பது நார்வே விசாரணையின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. அவர்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஆயிரம் ஓசைகளுக்கு நடுவே வரிசைப்படுத்திப் பார்க்கும் வாய்ப்புத்தான் அதுவரை கிடைக்கவில்லை.

அந்த வாய்ப்பைக் கப்பலிலேயே தரலாமே என்று கேட்கலாம். மாதந்தோறும் தீ ஒத்திகையும் கப்பலைக் கைவிடும் ஒத்திகையும் நடத்த வேண்டுமென்று விதி இருக்கிறது, அவை அவசியமும்கூட. ஆனால் எந்தக் கேப்டனும் ஒத்திகைக்காகப் பாறையருகே ஜெனரேட்டர்களை நிறுத்திப் பார்க்க மாட்டார். சாதாரண ஒத்திகையிலேயே ஆபத்து உண்டு. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்தாண்டுகளில் உயிர்காப்புப் படகுகள் தொடர்பான விபத்துகளில் 12 மாலுமிகள் இறந்தனர். உயிரைக் காக்கும் கருவியே உயிரைப் பறித்தது. இதைவிட முக்கியமான இன்னொரு குறையும் உண்டு. கப்பல் ஒத்திகையில் தீ எங்கே என்பது அறிவிப்பிலேயே வந்துவிடுகிறது. நெருக்கடி என்று ஒத்துக்கொள்ளும் கட்டம் தாண்டிய பிறகே ஒத்திகை தொடங்குகிறது. கன்கார்டியாவில் தவறியதோ அந்த முதல் கட்டம்.

சிமுலேட்டரில் யாரும் மூழ்கப்போவதில்லை, அச்சமில்லாத இடத்தில் கற்றது அச்சத்தில் உதவாது என்பது அடிக்கடி எழும் மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் மேலே சொன்ன இரு நிகழ்வுகளிலும் அச்சத்தோடு வேறொன்றும் சேர்ந்திருந்தது: ஒன்றில் சொன்னது முடிவாகவில்லை, மற்றொன்றில் கேட்டது பொருளாகவில்லை. அவசரமும் முரணான தகவலும் தொலைபேசியில் பாதியில் அறுபடும் பேச்சும் சிமுலேட்டரில் உண்மையானவைதான். "தண்ணீர் வருகிறது" என்று கீழிருந்து ஒருவர் சொல்ல, மேலிருப்பவர் "எத்தனை அறைகளில்?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கத்துக்கு உயிரச்சம் தேவையில்லை. பழகிவிட்டால் அச்சத்திலும் அந்தக் கேள்வி வாயில் வரும் வாய்ப்பு கூடும். அதற்குமேல் எந்தப் பயிற்சியும் உறுதி தர முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வைகிங் ஸ்கையின் சிக்கல் அந்தக் கப்பலின் தொட்டிகளையும் இணைப்புகளையும் சார்ந்தது. கரையிலுள்ள பொதுமாதிரி அதை எப்படிக் கற்பிக்கும்? முழுமையாகக் கற்பிக்காது என்பதை ஏற்கிறேன். அதனால்தான் நிறுவனம் தன் கப்பலுக்குரிய மின்மீட்பு நடைமுறைத் தாளைப் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் தாள் ஆயிரம் எச்சரிக்கைகளுக்கு நடுவே பயன்படுகிறதா என்பதே அங்கு தெரிந்துவிடும். இதற்குப் பிரம்மாண்டமான வளைதிரைகள் வேண்டியதில்லை. இரண்டு அறைகள், மேசைக் கணினிகளில் ஓடும் இயந்திர அறை மாதிரி, ஒரு தொலைபேசி, அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவர் போதும். அதிகச் செலவு என்ற வாதம் பெரும்பாலும் காட்சித் திரையைக் கணக்கிட்டே எழுகிறது.

பயிற்றுநர்தான் இதில் கடினமான பகுதி. கற்றல் நிகழ்வது பயிற்சி முடிந்தபின் நடக்கும் மறுபார்வையில். பதிவை ஓடவிட்டு, எந்த நிமிடத்தில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, அது எப்போது வாய்விட்டுச் சொல்லப்பட்டது என்று இரு தரப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும். இந்த அமர்வுக்கு மதிப்பெண் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சான்றிதழ் பறிபோகும் என்றால் இளநிலை அதிகாரி தன் ஐயத்தை மறைப்பார், கேப்டனைத் திருத்த வாய் திறக்க மாட்டார்; எதை வளர்க்க முனைகிறோமோ அதுவே அடிபடும். பங்கேற்றலைக் கட்டாயமாக்கலாம், தேர்ச்சியை வேறோரிடத்தில் சோதிக்கலாம்.

முன்கூட்டிச் சொல்வதால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச் 26 பால்டிமோரில் கண்டோம். இந்தியர்களே பெரும்பான்மையாகப் பணியாற்றிய டாலி கப்பலில் அதிகாலை 1.25க்கு மின்சாரம் நின்றது, 1.29க்கு அது ஆற்றுப் பாலத்தில் மோத, பாலம் இடிந்து விழுந்தது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் ஆறு பேர் இறந்தனர். ஆனால் கப்பலுக்கு வழிகாட்டிய துறைமுக பைலட்டுகள் விடுத்த எச்சரிக்கையால் காவலர்கள் போக்குவரத்தை நிறுத்தினர். இல்லாவிட்டால் பாலத்தைக் கடக்கும் வாகனங்களும் ஆற்றில் விழுந்திருக்கும். கோளாறு சரியாகிவிடும் என்று காத்திருந்திருந்தால் அந்த நான்கு நிமிடங்களும் வீணாகியிருக்கும். சர்வதேச கடல்சார் அமைப்பு எஸ்.டி.சி.டபிள்யூ உடன்படிக்கையை முழுமையாக மறுஆய்வு செய்ய முற்பட்டிருக்கிறது. ஐந்தாண்டுப் புதுப்பிப்பில் கடற்பணி மாதங்களோடு, பிரிட்ஜ் அதிகாரிகளும் எஞ்சின் அதிகாரிகளும் சேர்ந்து பங்கேற்கும் ஒரு மின்னிழப்புப் பயிற்சியையும் ஒரு வெள்ளப்பெருக்குப் பயிற்சியையும் சேர்ப்பதற்கு இதுவே தக்க தருணம். அதிகாரிகளை ஏராளமாக அனுப்பும் இந்தியா இதை முன்மொழியலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் விதி வருமுன்பே தன் மாணவர்களின் இரு பிரிவுகளையும் ஒரே பயிற்சியில் அமர்த்தித் தொடங்கலாம்.