பலகையில் வைக்காத ஒரு புள்ளி

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

உங்களில் பலர் இப்போது பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அப்பா, அம்மா ஆகிவிட்டீர்கள். "எப்பப் பார்த்தாலும் பேய், வாம்பயர், செத்தவங்க திரும்பி வந்து காதலிக்கிறது... இதையேதான் படிக்கிறா டீச்சர்" என்று அலுத்துக்கொள்கிறீர்கள். இது செல்போன் வந்த பிறகு பிறந்த பழக்கம் என்றும் நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. இதற்கு நானூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் பேயைவிட அதிகமாக இருப்பது துக்கம். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

1598-ஆம் ஆண்டு. சீனாவில் மிங் அரசர்கள் காலம். தாங் சியான்சூ என்று ஓர் அதிகாரி. மேலதிகாரிகளின் ஊழலைக் கண்டித்து 1591-இல் அரசருக்கு மனு எழுதியவர். அதற்குப் பரிசாகத் தெற்குக் கோடிக்குத் தூக்கியடிக்கப்பட்டார். பிறகு ஒரு சின்ன மலை ஊரில் சில ஆண்டுகள் நிர்வாகியாக இருந்துவிட்டு, வேலையே வேண்டாம் என்று ஊர் திரும்பினார். திரும்பிய அந்த வருடம் அவர் முடித்த நாடகம்தான் 'பியோனி மண்டபம்'. பியோனி என்பது சீனர்கள் பெரிதாகக் கொண்டாடும் ஒரு பூ. நாடகத்தில் மொத்தம் 55 காட்சிகள்.

கதை இதுதான். கதாநாயகி லீனியாங், பதினாறு வயதுப் பெண். அப்பா கண்டிப்பான அதிகாரி. வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருப்பதுகூட அவளுக்குத் தெரியாது, அவ்வளவு கட்டுக்காவல். அவளுக்குப் பாடம் சொல்ல அறுபது வயது வாத்தியார் ஒருவர் வருகிறார். பழைய காதல் பாட்டு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் காதலே இல்லை, அரசியின் ஒழுக்கம்தான் இருக்கிறது என்று மணிக்கணக்காக விளக்குகிறார். (எங்கள் இனத்தை நானூறு வருடம் முன்பே கிண்டல் செய்துவிட்டார்கள், பாருங்கள்!) அந்தப் பெண்ணுக்கோ பாட்டு நன்றாகவே புரிந்துவிடுகிறது.

ஒருநாள் தோழிப்பெண்ணோடு தோட்டத்துக்குப் போகிறாள். வசந்த காலம். வீட்டுக்கு வந்து கண் அயர்கிறாள். கனவில் வில்லோ மரக்கிளையோடு ஓர் இளைஞன் வருகிறான். காதலிக்கிறார்கள். விழித்தால் யாரும் இல்லை. அந்தக் கனவைத் தேடித் தேடி உடல் மெலிகிறாள். தன் முகம் அழிந்துபோகுமுன் தன்னையே படமாக வரைந்துவைக்கிறாள். இலையுதிர்காலப் பௌர்ணமி இரவில், மழையில், இறந்துபோகிறாள். தோட்டத்துப் பிளம் மரத்தடியில் புதைக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து, தேர்வு எழுதத் தலைநகருக்குப் போகும் வழியில் ஓர் இளைஞன் அங்கே தங்குகிறான். பெயர் லியூ மெங்மெய். அந்தப் படம் அவன் கையில் கிடைக்கிறது. படத்தைப் பார்த்து அழைத்துக்கொண்டே இருக்கிறான். ஆவியாக வருகிறாள். கல்லறையைத் தோண்டுகிறான். உயிரோடு எழுகிறாள்.

இதைக் கேட்டால் இன்றைய டீன்ஏஜ் பேய்க் காதல் கதை போலவே இருக்கிறதல்லவா?

ஆனால் நடுவில் ஒரு காட்சி இருக்கிறது, 25-ஆவது. அதில் காதலனும் இல்லை, ஆவியும் இல்லை. இறந்த மகளின் பிறந்தநாள். அம்மாவும் அந்தத் தோழிப்பெண்ணும் படையல் வைத்து அழுகிறார்கள், அவ்வளவுதான். இதை எழுதிய அன்று தாங் சியான்சூவைக் காணாமல் வீடு முழுக்கத் தேடினார்களாம். விறகு அடுக்கிய கொட்டகையில் படுத்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாராம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நடந்ததோ இல்லையோ, அந்தக் காட்சியைப் படித்தவர்கள் நம்பியிருப்பார்கள். இரண்டே வருடத்தில், 1600-இல், அவருடைய மூத்த மகன் இளம்வயதில் இறந்தது உண்மை.

இந்த நாடகத்தை மேடையில் பார்த்தவர்களைவிடப் புத்தகமாகப் படித்த பெண்கள்தான் இதன் வரலாற்றை எழுதினார்கள். காரணம் இருக்கிறது. அப்போது யாங்சி ஆற்றின் தென்கரை ஊர்களில் அச்சுத்தொழில் செழித்தது. வசதியான வீட்டுப் பெண்கள் படிக்கக் கற்றார்கள். ஆனால் வாசல் தாண்ட முடியாது. நடிகர் வர முடியாத உள்ளறைக்குள் புத்தகம் வந்தது. அதே உள்ளறைக்குள் அம்மையும் காய்ச்சலும் காசநோயும் வந்தன. பதினாறு, பதினேழு வயதில் சாவது அன்று அபூர்வம் அல்ல.

யூ அர்நியாங் என்ற பெண் அந்தப் புத்தகத்தின் ஓரமெல்லாம் குறிப்பு எழுதிவிட்டு, பதினேழு வயதில் இறந்தாள். (சீனக் கணக்கில் பிறந்த அன்றே ஒரு வயது, நம் கணக்கில் ஒன்றோ இரண்டோ குறையும்.) செய்தி கேட்ட தாங் சியான்சூ, முகம் தெரியாத அந்த வாசகிக்காக இரண்டு இரங்கற்பாக்கள் எழுதினார்.

அடுத்து யே சியாவ்லுவான். 1616-இல் பிறந்தாள், அதே வருடம்தான் தாங் சியான்சூ இறந்தார். அவளும் இந்த நாடகத்தைப் படித்தாள், லீனியாங்கின் படத்தைப் பற்றிக் கவிதை எழுதினாள். 1632-இல், கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது இறந்துபோனாள். தங்கைக்கு அழ வந்த அக்கா மூன்று மாதத்துக்குள் போனாள். 1635-இல் அம்மாவும் போனாள். அந்த அம்மாவும் நல்ல கவிஞர். தந்தை யே ஷாவ்யுவான் பெரிய படிப்பாளி, அரசுப்பணியில் இருந்தவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆவியோடு பேசுகிறவரை வீட்டுக்கு அழைத்தார். மகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு 1636-இல் மனைவி, மகள்கள் எழுதியதையெல்லாம் தொகுத்து அச்சிட்டார்.

கதையில் பேய் வந்தால் சிரிக்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அது சிரிப்பு அல்ல.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். ஹாங்சோ நகரத்து ஊ ரென் என்ற இளைஞருக்குச் சென் தோங் என்ற பெண்ணை நிச்சயம் செய்தார்கள். அவளுக்கு உடம்பு சரியில்லை. ராத்திரி தூங்காமல் படித்துக்கொண்டே இருக்கிறாள். படிப்புதான் மகளைத் தின்கிறது என்று பயந்த அம்மா, அவள் புத்தகங்களையெல்லாம் எரித்துவிட்டாள். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் எரித்தாள். ஒரே ஒரு புத்தகம் தலையணைக்கு அடியில் இருந்ததால் தப்பியது. 'பியோனி மண்டபம்', முதல் பாகம். அதை எடுத்துப் பத்திரப்படுத்தியவள் அவளை வளர்த்த செவிலி.

கல்யாணத்துக்கு முன்பே சென் தோங் இறந்தாள். செவிலி அந்தப் புத்தகத்தை மாப்பிள்ளையிடம் கொண்டுபோய், ஒரு லியாங் வெள்ளிக்கு, அதாவது சுமார் 37 கிராம் வெள்ளிக்குக் கொடுத்தாள். ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்புகள். தான் கட்டிக்கொள்ள முடியாமல் போனவளின் மனதை ஊ ரென் அந்தப் பக்கங்களில்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

பிறகு தான் ஸே என்ற பெண்ணை மணந்தார். அவள் அந்தக் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இரண்டாம் பாகத்துக்கு, இறந்தவள் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாளோ அப்படித் தானே குறிப்பு எழுதினாள். முகம் பார்க்காத மூத்தவள்மேல் பொறாமை இல்லை. துணை எழுத்தாளராக உட்கார்ந்துவிட்டாள். அவளும் 1675-இல் இறந்துபோனாள்.

பத்து வருடத்துக்கும் மேல் கழித்து மூன்றாவதாக சியான் யீ வந்தாள். இரண்டு பேரின் குறிப்புகளையும் படித்தாள். "இதை அச்சிட வேண்டும்" என்றாள். பணம்? தன் நகைகளை விற்றாள். அந்தக் காலத்தில் அச்சு என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் மரப்பலகையில் செதுக்க வேண்டும், செலவு அதிகம். 1694-இல் புத்தகம் வந்தது. தலைப்பிலேயே, 'ஊ ரெனின் மூன்று மனைவியர் சேர்ந்து எழுதிய உரை' என்று இருந்தது. இதெல்லாம் அந்த ஆளே எழுதியதாக இருக்கும் என்று அப்போதே சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

புத்தகம் முடிந்த பிறகு வந்த விளக்குத் திருவிழா இரவில், சியான் யீ முற்றத்தில் லீனியாங்குக்குப் படையல் வைத்தாள். ஜாடியில் பிளம் கிளை, பழம், மது. கற்பனைப் பாத்திரத்துக்குப் படையலா என்று கணவர் சிரித்தார். அன்று இரவு இருவருக்கும் ஒரே கனவு வந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தைக் கவனியுங்கள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணுக்கு அப்பா வீட்டு முன்னோர் வரிசையில் பெயர்ப்பலகை கிடையாது. கணவன் வீடு என்று ஒன்று இல்லை. வருடா வருடம் யார் நினைப்பது? நாடகத்திலேயே இது வருகிறது. லீனியாங்கின் நினைவுப்பலகையில் கடைசி எழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டிருக்கும். அந்தப் புள்ளியை வைத்தால்தான் சடங்கு முழுமையாகும். ஏன் வைக்கவில்லை என்று கேட்டால், வைக்க ஆள் இல்லை என்பார்கள். சென் தோங்கும் அப்படிப் புள்ளி வைக்கப்படாதவள்தான். அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்கள், ஒரு பேய்க் காதல் கதையின் ஓரத்தில் அவளுக்குப் புள்ளி வைத்தார்கள்.

எல்லா நாட்டிலும் இந்தக் கதை இவ்வளவு கருணையோடு இல்லை. 1773-இல் ஜெர்மனியில் பியூர்கர் என்ற கவிஞர் 'லெனோரே' எழுதினார். போருக்குப் போன காதலன் திரும்பவில்லை. லெனோரே கதறுகிறாள், கடவுளையே ஏசுகிறாள். பொறுத்துக்கொள், அப்படிப் பேசாதே என்கிறாள் தாய். நள்ளிரவில் குதிரைக் குளம்புச் சத்தம். காதலன் வந்து ஏற்றிக்கொள்கிறான். குதிரை போய் நின்ற இடம் இடுகாடு. அவன் வெறும் எலும்புக்கூடு. அளவு மீறி அழுதால் சாவு உன்னையும் கூட்டிப்போகும் என்பது அங்கே பாடம். அதிலும் உண்மை இருக்கிறது. தங்கைக்கு அழவந்து உயிர்விட்ட யே வீட்டு அக்காவை நினைத்துப் பாருங்கள். 1796-இல் வால்ட்டர் ஸ்காட் உட்படப் பலர் லெனோரேயை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். 1897-இல் வந்த 'டிராகுலா' நாவலில், வண்டியில் போகும் ஒரு பயணி லெனோரேயின் வரியைத்தான் முணுமுணுக்கிறார். அங்கிருந்து வாம்பயர் கதைகளுக்குத் தூரம் அதிகம் இல்லை.

உங்கள் பிள்ளைகளின் அலமாரியில் இருக்கும் 'ட்வைலைட்' 2005-இல் வந்தது. அதில் வரும் வாம்பயர் பையன் எட்வர்ட் யார்? 1918-இல் சிகாகோவில், ஸ்பானிஷ் காய்ச்சலில் அப்பா அம்மா இருவரையும் இழந்து, தானும் சாகக்கிடந்த பதினேழு வயதுப் பிள்ளை. பளபளப்பான அட்டைக்குள்ளே ஓர் அநாதை இருக்கிறான். அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் பெல்லாவை விட்டுப் போய்விடுகிறான். அதற்குப் பிறகு சில பக்கங்கள் காலியாக இருக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும். எழுத்தே இல்லை. இலக்கியமாக அந்தப் புத்தகம் எப்படி என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு நாட்கள் எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காலிப் பக்கங்கள் புரியும்.

சீனாவிலும் அந்தப் பழைய நாடகம் சாகவில்லை. 2004-இல் எழுத்தாளர் பாய் சியான்யோங், இளம் நடிகர்களை வைத்து மூன்று இரவுகளில் ஒன்பது மணிநேரம் ஓடும்படி அதை அமைத்து, தைபேயில் மேடையேற்றினார். பிறகு பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகக் கொண்டுபோனார். அவர் யாருக்காகச் செய்தார் என்றால், லீனியாங்கின் வயதை ஒட்டிய பிள்ளைகளுக்காக.

கண்மணிகளே, பெரியவர்கள் நமக்குத் துக்கத்துக்கு வழிமுறை இருக்கிறது. பத்தாம் நாள், பதினாறாம் நாள், வருஷ திதி என்று காலண்டர் இருக்கிறது. தாத்தா போன வீட்டில், கூடப் படித்த தோழியை விபத்தில் இழந்த பள்ளியில், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நாம் என்ன தருகிறோம்? "பரீட்சை வருது, மனசை விடாதே" என்கிறோம். அவர்கள் தாங்களாகவே ஓர் இடம் தேடிக்கொள்கிறார்கள். போனவர் ஒருதரம் திரும்பி வந்து பேசுகிற கதை அந்த இடம்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் போனால் அது வேறு. உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மற்றபடி புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். அவர்கள் தூங்கிய பிறகு நீங்களும் ஒருநாள் எடுத்துப் படியுங்கள். மறுநாள் காலையில், "இதில் உனக்குப் பிடித்த இடம் எது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் கதையைப் பற்றியதாக இருக்காது. பொறுமையாகக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இப்படிப்பட்ட கதைகளின் பெயரைக் கீழே எழுதுங்கள். ஓய்வு பெற்றுவிட்டேன், நேரம் நிறைய இருக்கிறது, நானும் படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்