பலவீனத்தை விற்ற பத்திரிகை

ஆண்களுக்கான உடற்பயிற்சிப் பத்திரிகைகளைப் புரட்டும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும்: கட்டுரைக்காக விளம்பரமா, விளம்பரத்துக்காகக் கட்டுரையா? அமெரிக்காவில் 1899-ல் பெர்னார் மக்ஃபேடன் தொடங்கிய 'ஃபிசிகல் கல்ச்சர்' விஷயத்தில் பதில் சுலபம். மனுஷன் முதலில் விற்றது உடற்பயிற்சிக் கருவி. அதற்காக அச்சடித்த துண்டுப் பிரசுரம்தான் பிறகு பத்திரிகையாக வளர்ந்தது. எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் இவர் பெயர் இல்லாதது அநியாயம்!

பலவீனமாக இருப்பதே குற்றம் என்பது பத்திரிகையின் முழக்கம். பால்வினை நோய் பற்றி எச்சரித்த ஒரு தொடர்கதைக்காக 1907-ல் ஆபாச வழக்கில் தண்டனையும் வாங்கினார். 1909-ல் ஜனாதிபதி டாஃப்ட் தலையிட்டதால் சிறை தப்பியது. அந்த ஒரு விஷயத்தில் நான் மக்ஃபேடன் கட்சி.

ஆனால் 1921-ல் பத்திரிகை நடத்திய ஆணழகன் போட்டிதான் சுவாரஸ்யம். ஜெயித்தவர் இத்தாலியிலிருந்து குடியேறிய ஏஞ்சலோ சிசிலியானோ, அதாவது சார்லஸ் அட்லஸ். பிற்பாடு அவர் தபாலில் பயிற்சிப் பாடம் விற்றார். காமிக்ஸ் புத்தகங்களில் வந்த அவருடைய விளம்பரத்தில் ஒரு முரடன், கடற்கரையில் காதலியோடு உட்கார்ந்திருக்கும் ஒல்லிப் பையன் முகத்தில் மணலை உதைத்துவிட்டுப் போவான். பார்க்கிற பையனுக்கு முதலில் அவமானம், கீழே கூப்பன்.

நானும் ஒல்லிதான். கையில் கிடைத்திருந்தால் நிரப்பி அனுப்பியிருப்பேன்.