மனைத் தரகரின் கடமை: 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விட்ட இடம்

வீடு, மனை விற்பனையில் இடைநிற்கும் தரகரை இந்தியா முழுவதற்குமாக முதன்முதலில் பதிவுக்கு உட்படுத்தியது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம். வழக்கில் இது ‘ரெரா’ எனப்படுகிறது. தரகர் பற்றிய அதன் பிரிவுகள் 2017 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஹரியானா 2008-இலேயே சொத்துத் தரகர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. மற்றபடி தரகரின் கடமைகளைத் தீர்மானித்தது பெரும்பாலும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் பற்றி வரும் அத்தியாயமே. புதிய சட்டம் தரகரைப் பதிவேட்டில் ஏற்றியது. ஆனால் அவர் யாருக்காக வேலை செய்கிறார், யாருடைய பணம் அவர் கையில் இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளையும் அது கேட்கவில்லை. பழைய சட்டம் அவற்றைக் கேட்டிருந்தது.

ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 213 முகவர் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. முகவர் தம்மை நியமித்தவருக்குத் தெரியாமல் அவரது காரியத்தில் தமக்கென வியாபாரம் செய்தால், கிடைத்த ஆதாயத்தை நியமித்தவர் கேட்டுப் பெறலாம் என்பது பிரிவு 216. முறைகேடு செய்த முகவருக்கு அந்தப் பகுதி வேலைக்குக் கூலி கிடையாது என்பது பிரிவு 220. விதிகள் கடுமையானவைதாம். குறை இரண்டு. இக்கடமைகள் நியமித்தவருக்கு மட்டுமே உரியவை, எதிர்த்தரப்புக்கு அல்ல. அவற்றை நிலைநாட்ட உரிமையியல் நீதிமன்றம் செல்ல வேண்டும். ஒரு லட்ச ரூபாய்க் கமிஷனுக்காக அந்த வழியில் போகிறவர் அரிது.

தமிழ்நாட்டுச் சந்தையின் வழக்கம் இந்தக் குறையைப் பெரிதாக்குகிறது. விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஒரே தரகர் கமிஷன் பெறுவது இங்கே இயல்பு. அப்படியானால் அவர் யாருடைய முகவர்? விலையைக் கூட்டித் தருவது ஒருவருக்குக் கடமை, குறைத்துத் தருவது மற்றவருக்குக் கடமை. இரண்டையும் ஒருவரே நிறைவேற்ற முடியாது. உரிமையாளர் கேட்ட விலைக்கு மேல் கிடைப்பதைத் தானே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் பரவலாக உண்டு. உரிமையாளர் அறிந்து இசைந்தால் அது செல்லும். அறியாமல் நடந்தால் பிரிவு 216-இன் கீழ் வரும். வாங்குபவருக்கு இரண்டு நிலையிலும் எதுவும் தெரிவதில்லை.

இன்னும் சிக்கலானது பவர் பத்திரம். தரகர் சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து விற்பனை உடன்படிக்கை போடுகிறார். கூடவே பொது அதிகாரப் பத்திரமும் பெற்றுக்கொள்கிறார். பிறகு ஆள் பார்த்து விற்கிறார். அந்த நிமிடம் முதல் அவர் தரகர் அல்ல, விலையில் பங்குள்ள தரப்பு. அதிகாரப் பத்திரத்தின் வழி நடக்கும் கைமாற்றம் உடைமை உரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்ப்பளித்தது. பத்திரம் பெற்றவர் உரிமையாளரின் உண்மையான முகவராக நின்று கிரயம் எழுதிக் கொடுப்பதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. ஆகவே வழக்கம் தொடர்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஓரளவு கவனித்தது: மனைப்பிரிவு அல்லது அடுக்குமாடித் திட்டம் ஒன்றில் நில உரிமையாளரின் அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவரைப் புரமோட்டர் (திட்டத்தை உருவாக்கி விற்பவர்) என்றே அது கருதுகிறது. ஒற்றை மனைக்கும் பழைய வீட்டுக்கும் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

காரணம் சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. பிரிவு 2-இல் வரும் விளக்கம் புரோக்கர், இடைத்தரகர், எந்தப் பெயரில் அழைக்கப்படுபவரானாலும் அனைவரையும் உள்ளடக்குகிறது. எந்த ஊடகத்தின் வழியாக வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்தாலும் போதும் என்கிறது. ஆனால் எல்லாமே ‘ரியல் எஸ்டேட் திட்டம்’ ஒன்றில் நடக்கும் விற்பனைக்கு மட்டும். பிரிவு 9 கட்டாயமாக்கும் பதிவும் பதிவுபெற்ற திட்டங்களில் விற்பவருக்கே. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலமும், எட்டு வீடுகளுக்கு மிகாத கட்டடமும் திட்டப் பதிவிலிருந்தே விலக்குப் பெற்றவை. இருபது ஆண்டுப் பழைய வீட்டின் மறுவிற்பனையும் வாடகைத் தரகும் சட்டத்தின் பார்வைக்கே வருவதில்லை.

இதன் விளைவைத் தமிழ்நாடு நன்றாக அறியும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் உரியது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் மனைகள் விற்கப்பட்டன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. இல்லாத ஒப்புதல் இருப்பதாகச் சொல்வதைப் பிரிவு 10 முறையற்ற வணிகம் என்று தடுக்கிறது. எனினும் அத்தகைய பழைய மனையை இன்று தனியொருவர் இன்னொருவருக்கு விற்கும்போது, நடுவில் நின்று அதே சொல்லைச் சொல்லும் தரகரை அந்தப் பிரிவு எட்டுவதில்லை.

தண்டனைப் பகுதியிலும் இதே கோணல். பதிவின்றித் தொழில் செய்தாலோ பிரிவு 10-ஐ மீறினாலோ பிரிவு 62-இன்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்ற சொத்தின் விலையில் ஐந்து விழுக்காடு வரை அபராதம். அந்தத் தொகை அரசுக்குப் போகிறது. தரகர் மீது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் தரலாம். ஆனால் பிரிவு 71 இழப்பீடு தீர்மானிக்கச் சொல்வது 12, 14, 18, 19 ஆகிய பிரிவுகளின் கீழ் மட்டும். பிரிவு 10 அந்தப் பட்டியலில் இல்லை. பொய்யான விளம்பரத்தை நம்பி ஏமாந்தவருக்குப் பிரிவு 12 இழப்பீடு தருகிறது. அதைக் கொடுக்க வேண்டியவர் புரமோட்டர்.

இக்குறைகளைத் தீர்க்க வரையறையை விரிப்பது பெரிய அதிகாரப் பெருக்கத்துக்கு வழிவகுக்கும் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதல்ல. ஊருக்கு ஊர் டீக்கடையில் உட்கார்ந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று பேரம் முடிப்பவர்களே தரகர்களில் கணிசமானோர். அவர்களுக்குத் தேர்வும் கட்டணமும் சுமை. ஆனால் நடுவண் அரசு இந்தச் சிக்கலுக்கு வேறோர் இடத்தில் விடை கண்டிருக்கிறது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2020 டிசம்பரில் வெளியான அறிவிக்கை, ஆண்டு விற்றுமுதல் (டர்ன்ஓவர்) 20 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ரியல் எஸ்டேட் முகவர்களைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அங்கே திட்டம் என்ற வேலி இல்லை. கறுப்புப் பணத்தைத் தேடும்போது தொழிலை வைத்துத் தரகரை அடையாளம் காணும் அரசு, வாங்குபவரைக் காக்கும்போது மட்டும் திட்டத்தை வைத்துத் தேடுவதற்கு நியாயம் சொல்ல முடியாது.

மகாராட்டிர ஆணையம் 2023-இல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தகுதித் தேர்வையும் கட்டாயமாக்கியது. நல்ல முயற்சிதான், ஆனால் அறியாமையால் வரும் பிழையையே தேர்வு குறைக்கும், நலமுரணை அது தொடாது. சிங்கப்பூர் இதில் தெளிவாக நடந்துகொண்டது. அங்கே 2010-ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான முகவர் மன்றம் தேர்வும் பொதுப் பதிவேடும் வைத்திருக்கிறது. அதைவிட முக்கியமானவை இரண்டு விதிகள்: ஒரே பேரத்தில் இரு தரப்புக்கும் ஒருவரே முகவராக இருக்கக் கூடாது, சொத்து விற்பனையின் பணம் முகவரின் கையைத் தொடக் கூடாது. பிரிட்டன் தரகருக்கு உரிமம் கேட்பதில்லை. ஆயினும் அதன் 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தரகர் தமது சொந்த அக்கறையை முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. உரிமம் வேறு, கடமை வேறு என்பதற்கு இது சான்று.

இந்தியச் சந்தையில் இருபக்கக் கமிஷனை ஒரே நாளில் தடை செய்வது ஏட்டளவில் நின்றுவிடும். பேரம் தொடங்கும் முன்பே, தரகர் யார் சார்பில் நிற்கிறார், யாரிடம் எவ்வளவு பெறுகிறார், சொத்தில் அவருக்கு உடன்படிக்கையோ அதிகாரப் பத்திரமோ உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் செய்வது நடக்கக்கூடியது. டோக்கன் அட்வான்ஸ் விற்பவரின் வங்கிக் கணக்குக்கு நேரே செல்ல வேண்டும் என்ற விதிக்குத் தேர்வும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். டீக்கடைத் தரகருக்கும் அது பொருந்தும்.

வரையறையிலிருந்து திட்டம் என்ற எல்லையை நீக்கவும், பிரிவு 71-இல் பிரிவு 10-ஐச் சேர்க்கவும் நாடாளுமன்றத் திருத்தம் தேவை. ஆனால் வெளிப்படுத்தும் தாளுக்கும் பண விதிக்கும், பதிவுபெற்ற தரகர்களைப் பொறுத்தவரை, அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. விதிகளால் குறிக்கப்படும் பிற பணிகளையும் தரகர் செய்ய வேண்டும் என்று பிரிவு 10-இன் கடைசிக் கூறு சொல்கிறது. அவ்விதிகளை இயற்றும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. தமிழ்நாடு 2017-இல் இயற்றிய தன் விதிகளில் இந்த இரண்டையும் இப்போதே சேர்க்கலாம்.