தகட்டினுள் அலை: ஒரு சமன்பாட்டின் காத்திருப்பு

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பு நிகழ்ந்த ஆண்டைக் குறித்துவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றுவிடுகின்றனர். கண்டுபிடிப்புக்கும் அதன் பயனுக்கும் இடையே கிடக்கும் ஆண்டுகளே ஆராயப்பட வேண்டியவை என்பது கலைப்பீட மாணவனாகிய என் எண்ணம். தகடுகளினூடு செல்லும் அலைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1917 ஆம் ஆண்டில், மன்செஸ்டரில் கணிதப் பேராசிரியராக விளங்கிய ஹொரேஸ் லாம், மீள்தன்மையுள்ள தகட்டில் எழும் அலைகள் பற்றிய கட்டுரையை இலண்டன் றோயல் சங்க வெளியீட்டில் எழுதினார். இரு பரப்புகளுக்கிடையே சிறைப்பட்ட அலை எல்லாத் திசைகளிலும் சிதறிவிடாது தகட்டின் வழியே நெடுந்தூரம் செல்லவல்லது. அதன் வேகமோ மீடிறனுடனும் தகட்டின் தடிப்புடனும் மாறுவது. லாம் 1934 இல் மறைந்தார். இவ்வலைகளால் உலோகக் குறைகளைச் சோதிக்கலாமென அமெரிக்காவின் ஹான்போர்ட் அணுநிலையத்தைச் சேர்ந்த வேர்ல்ற்றன் எடுத்துரைத்தது 1957 இலேயே. கோட்பாடு வீண் என்போரும் கருவியே யாவும் என்போரும் இந்நாற்பதாண்டுகளை ஒருதரம் நோக்குதல் நன்று.

தாமதம் அதனோடும் தீரவில்லை. அந்நாளைய கழியொலிக் கருவிகள் மின்னழுத்தத்தால் அதிரும் பளிங்குகளைக் கொண்டவை. பளிங்கின் அதிர்வு உலோகத்துட் புக, இடையே நீரோ எண்ணெயோ பூசுதல் வேண்டும். சூடேறிய தகட்டிலும் துருவேறிய குழாயிலும் இது பெருந்தொல்லை. மேலும், ஒரே மீடிறனில் பலவகை அலைகள் கலந்தெழுவதால் எதிரொலியைப் பிரித்தறிவதும் அரிதாயிற்று.

மின்காந்த மாற்றி இங்கேதான் வருகிறது. காந்தமொன்றின் கீழ்க் கம்பிச்சுருளை வைத்து அதில் ஆடலோட்டத்தைச் செலுத்தினால், பரடே 1831 இல் கண்ட தூண்டலின்படி தகட்டினுள்ளேயே ஓட்டம் பிறக்கும். அவ்வோட்டத்தின் மீது காந்தப்புலம் விசையைச் செலுத்த, தகடு தானே அதிரும். மத்தளத்தின் தோலைத் தொடாமலே ஒலிக்கச் செய்வது போன்றது இது. கம்பியை நெளிநெளியாக மடித்தால் அடுத்தடுத்த கம்பிகளில் ஓட்டம் எதிரெதிராகப் பாயும். எனவே கம்பிகளின் இடைத்தூரம் 5 மில்லிமீற்றராயின் பிறக்கும் அலையின் நீளம் 10 மில்லிமீற்றர். அலைநீளமும் மீடிறனும் நம் கையிலிருப்பதால், வேண்டிய அலைவகையைப் பெரும்பாலும் தேர்ந்துகொள்ளலாம். புதிய பௌதிகம் எதுவும் இதில் இல்லை. பழைய இரு விதிகளின் சேர்க்கையே உள்ளது.

புரூஸ் தொம்சனும் அவருடன் உழைத்தோரும் 1972 இல் இம்முறையை எரிவாயுக் குழாய்ச் சோதனைக்குப் பயன்படுத்துவது பற்றி எழுதினர். அடுத்த ஆண்டு தொம்சன் அதன் கோட்பாட்டை வகுத்தார். குறை இல்லாமலில்லை. கிடைக்கும் சைகை மிக நலிவானது. சுருளுக்கும் தகட்டுக்கும் இடைவெளி சற்றுக் கூடினாலும் தேய்ந்துவிடும். ஆயினும் வசீலும் தொம்சனும் 1979 இல் வட, தென் முனைகள் மாறிமாறி அமைந்த காந்த வரிசையால் கிடையாகத் துணிக்கைகளை அசைக்கும் அலையைப் பிறப்பித்தனர். இவ்வகையின் அடிப்படை அலைக்கு மீடிறனோடு வேகம் மாறுவதில்லை. உருக்கில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 3200 மீற்றர். நீரும் எண்ணெயும் பக்கவாட்டு அசைவை ஏந்திச் செல்லாதவை; ஆதலால் அவற்றை நம்பியிருந்த பளிங்குக்கு இவ்வலை எளிதில் எட்டவில்லை.